ஆறு புள்ளி நாலு ஆறு

லட்டு குடுத்தாங்கோ. இன்னாத்துக்குன்னு கேக்காமயே நான் ரெண்டு துன்னேன். குடுக்கறவன் மூஞ்சிய பாத்து வாங்குடின்னு எங்கம்மா சின்ன வயசுலேந்து சொல்லிகினு கீது. கேட்டாத்தானே.

துன்னுட்டு கைய தொடைக்கும்போதுதான் எங்க மேனேஜர் நடேசன் சார் நடு ஹால்ல நின்னு விஷயத்த சொன்னாரு. புதுசா ஒரு பெரிய கம்பெனி நமக்கு கிளையன்ட் ஆயிருக்கு, அவங்க வேலைக்கு எடுக்கற ஆளுங்களோட பேப்பர் மொத்தமும் இனிமே நம்மகிட்டதான் வரும்னாரு. கம்பெனி பேர சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்கோ. எனக்கு கை எழும்பல. அந்தக் கம்பெனியிலதான் எனக்கு வேல கெடச்சிருந்துச்சு. இங்க ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுத்து, அதுல பாதிக்கு மேல ஓடிப்போயி, இன்னும் இருவது நாள்ல நான் அங்க போய் சேரணும்.

வேல கெடச்சவ சந்தோசப்படாம இன்னாத்துக்கு மூஞ்சி செத்து நிக்கறான்னு கேப்பீங்க. சொல்றேன், அவசரப்படாதீங்க.

எங்க ஆபீஸ் அம்பத்தூர் எஸ்டேட்ல கீது. முன்ன போல்ட்டு நட்டு அடிச்சிகினு இருந்த ஷெட்டு. இப்போ ஜன்னல எல்லாம் அடச்சு, ஏசிய போட்டு, நூத்தி இருவது பேர குந்த வச்சிருக்காங்கோ. கம்பெனிங்க வேலைக்கு ஆள் எடுத்ததும், அந்த ஆளோட சர்டிபிகேட்டெல்லாம் எங்களுக்கு வரும். இவன் சொன்ன காலேஜு நெசமா, சொன்ன மார்க்கு நெசமான்னு நாங்க பாத்து சொல்லணும். நெசம்னா பச்ச. சந்தேகம்னா ஆரஞ்சு. பொய்ன்னா செகப்பு. செகப்பு விழுந்தா வந்த வேல போச்சு. அதோட போவாது, அடுத்த கம்பெனிக்கு போனாலும் அந்த செகப்பு கூடவே வரும். நான் அங்க ஏழு வருஷமா கீறேன். படிப்பு பாக்கற டேபிளுக்கு நான்தான் சீனியர். பேரு அனுசுயா.

ஏழு வருஷமா இன்னா பண்ணேன்னா, மத்தவன் நல்ல வேலைக்கு போறதுக்கு வழி உட்டுகினு இருந்தேன். ஒரு நாளைக்கு நாப்பது பேரு. நாப்பது பேரையும் பஸ் ஏத்தி உட்டுட்டு நான் மட்டும் ஸ்டாப்புலயே நிக்கற மாதிரி. நானும் பி.இ. படிச்சவதான். கடைசி ரிசல்ட்டும் வந்தப்பறம் காலேஜுக்கு கம்பெனிங்க வந்தப்போ, 6.5க்கு மேல இருக்கறவங்க மட்டும் உள்ள வாங்கன்னு ஹாலு வாசல்லயே பேப்பர் ஒட்டியிருந்தான். என்னுது 6.46. வெளிய மரத்தடியில குந்திகினு, உள்ள போனவளுங்க பைய பாத்துகினு இருந்தேன். இன்னிக்கும் அத நெனச்சா பத்திகினு வருது.

நான் பாலிடெக்னிக் முடிச்சு நேரா ரெண்டாவது வருஷத்துல சேந்தவ. மொத வருஷம் பாடம் லேசு, எல்லாரும் எட்டு ஒம்போதுன்னு வாங்கி வச்சிருப்பாங்கோ, அப்பால எது சறுக்குனாலும் அது முட்டு குடுக்கும். எங்களுக்கு அந்த முட்டே கெடையாது. ஆறே செமஸ்டர், அதுவும் கஷ்டமான ஆறு.

இப்போ கணக்கு. பயப்படாதீங்க, சின்னதுதான், ஆனா ஊரே இதுல கவுந்து கெடக்குது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் பத்துக்கு இத்தினின்னு ஒரு மார்க் வரும். எல்லாத்தையும் சேத்து கடைசியா ஒரு நம்பர் போடுவான், அதான் சிஜிபிஏ. யூனிவர்சிட்டி அத போடும்போது எந்த செமஸ்டர்ல எம்மா பாரம்னு பாக்கும். ஏழு பேப்பரு, ரெண்டு லேபுன்னு இருக்கற செமஸ்டருக்கு இருவத்தஞ்சு கிரெடிட். புராஜெக்ட் மட்டும் செய்யற கடைசி செமஸ்டருக்கு பன்னெண்டு கிரெடிட். பாரம் கூடன்னா மதிப்பும் கூட. நாயமான கணக்குதான். அண்டா சாம்பார்ல உப்பு கம்மியாயிட்டு, ஒரு கரண்டி சாம்பார மட்டும் நல்லா பண்ணி அத சரிகட்ட முடியுமா?

ஆனா வேலைக்கு மனு போடற வெப்சைட்டு அப்படி பாக்காது. செமஸ்டருக்கு ஒரு பாக்ஸு. நம்பர போட்டா அதுவே கூட்டி, பாக்ஸ் எத்தினியோ அத்தினியால வகுத்துடும். அண்டாவும் கரண்டியும் அதுக்கு ஒண்ணு. என்னுது அஞ்சு புள்ளி எட்டுல ஆரம்பிச்சு மெதுவா ஏறி, கடைசி புராஜெக்ட்ல மட்டும் எட்டு புள்ளி ஒம்போது. வெப்சைட்டு கணக்குல எனக்கு 6.68. யூனிவர்சிட்டி பேப்பர்ல 6.46. ரெண்டுமே என் மார்க்குதான், ஒரு நம்பர நான் மாத்தல. இந்தக் கம்பெனியும் கேட்டது ஆறரை. ஒண்ணுல நான் உள்ள, இன்னொண்ணுல நான் வெளிய.

இது தெரியாம பண்ணிட்டேன்னு மட்டும் நெனச்சிடாதீங்க. எனக்கு நல்லாவே தெரியும். தெரியாம இருக்க முடியாது, ஏன்னா எங்க ஆபீஸ்ல இதுக்கு ரூல் எழுதனதே நான்தான்.

ரெண்டு வருஷம் முன்ன எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு கலர் போட்டுகினு இருந்தாங்கோ. ஒருத்தி பச்ச போட்டா இன்னொருத்தி ஆரஞ்சு போடுவா. ஒரு கிளையன்ட் கத்திட்டான். நடேசன் சார் யாராச்சும் ஒயுங்கா ஒரு ரூல் எழுதுங்கன்னாரு. பாலிடெக்னிக்ல படிச்சவதானேன்னு என்ன எளக்காரமா பாத்துகினு இருந்தாளுங்க ரெண்டு பேரு அப்போ. காட்டறேன்டி உங்களுக்குன்னு ரெண்டே நாள்ல எழுதினேன். யூனிவர்சிட்டி பேப்பர்ல இருக்கறதுதான் மார்க். வெப்சைட்டு கணக்கு செல்லாது. வித்தியாசம் புள்ளி ஒண்ணுக்கு மேல போனா, வேலைக்கு கேட்ட மார்க்குக்கும் கீழ இருந்தா, செகப்பு. காரணம் கேக்க வேணாம். சார் என்ன எழுப்பி நிக்க வச்சு கை தட்ட சொன்னாரு. அன்னிக்குதான் நான் சீனியர் ஆனேன். சொந்த காசுல சூனியம் வச்சிகிறதுன்னு சொல்லுவாங்கோல்ல, அதுக்கு சாட்சி தேடி வேற எங்கயும் போவாதீங்க.

அப்பறம் எந்த தைரியத்துல மனு போட்டேன்? அதான் என் புத்திசாலித்தனம். அந்தக் கம்பெனி பேப்பர் எல்லாம் பெங்களூர்ல ஒரு ஆபீஸ்தான் பாக்கும்னு எனக்கு தெரியும். தொழில்ல இருக்கறவளுக்கு யாரு யாருக்கு பாக்கறான்னு தெரியாதா? அவனுங்க டிகிரி நெசமா டூப்ளிகேட்டான்னு மட்டும் பாப்பானுங்க, புள்ளிக்கு அப்பால இருக்கறத சீண்டவே மாட்டானுங்க. அத நம்பி பாக்ஸ்ல ஆறு நம்பர போட்டேன். டெஸ்ட்டு எழுதினேன். மூணு இன்டர்வியூ. மூணுலயும் நான் பேசனத கேட்டு அவனுங்களே சிரிச்சு பேசினானுங்க. வேல என் மூளைக்கு கெடச்சது, அந்த புள்ளிக்கு இல்ல. இத நான் எங்க வேணா சத்தியம் பண்ணுவேன்.

எந்தக் கம்பெனின்னு ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கண்ணு பட்டுடும்னு வாய மூடிகினு இருந்தேன். பெங்களூர்காரன் காண்ட்ராக்ட்ட நடேசன் சார் தட்டிகினு வருவாருன்னு எந்த ஜோசியக்காரன் சொன்னான்?

லட்டு துன்னு பத்தாவது நாள் என் ஃபைலு வந்துச்சு. சொந்தக்காரங்க ஃபைல நாமளே தொடக்கூடாதுன்னு ரூலு, அப்போ சொந்த ஃபைல சொல்லவே வேணாம். கம்ப்யூட்டர் அத பக்கத்து சீட்டு சரசாக்காவுக்கு தள்ளிடுச்சு.

சரசாக்காவுக்கு நாப்பத்தாறு வயசு. புருஷன் இல்ல, ரெண்டு பசங்க. டைப்ரைட்டிங் தெரியும்னு எடுத்தாங்கோ. வேல மெதுவு. தப்பு வந்துட போவுதேன்னு ஒரு ஃபைல மூணு தடவ பாக்கும். நான் எத்தினியோ தபா கத்தியிருக்கேன், அப்பால நானே பாதி ஃபைல வாங்கி முடிச்சும் குடுத்திருக்கேன். என்மேல உசுரு அதுக்கு.

நாற்காலிய இழுத்துகினு என் காதாண்ட வந்துச்சு. "அனும்மா, உன் பேரு போட்டு ஒரு ஃபைலு வந்துகீது. நீதானா?"

"நான்தான்."

"இம்மா பெரிய கம்பெனியா! சொல்லவே இல்ல பாரு, கள்ளி." சிரிச்சுச்சு. அப்பால சிரிப்பு நின்னுச்சு. "ஆனா நம்பரு ஒத்துப்போவலியே. கேக்கறது ஆறரை. பேப்பர்ல..."

"தெரியும்க்கா."

அது என் மூஞ்சியவே பாத்துச்சு. அப்பால மெதுவா, "நீ ஒரு வார்த்த சொல்லு, பச்ச போட்டு உட்டுட்றேன். எவன் பாக்கப்போறான்"னு சொல்லுச்சு.

பாப்பான். பத்து ஃபைலுக்கு ஒண்ண எடுத்து மேல செக் பண்ணுவான். மாட்டுனா அன்னிக்கே சரசாக்கா ஐடி கார்ட கழட்டி வச்சிட்டு ரோட்டுக்கு போவணும். ஒரு செகண்டு வாயி வரைக்கும் வந்துச்சு, போடுக்கான்னு. பொய் சொல்லல, வந்துச்சு.

"மவுஸ்லேந்து கைய எடுக்கா. மேல சாருக்கு அனுப்பு"ன்னேன்.

அரை மணி நேரத்துல நடேசன் சார் கூப்ட்டாரு. அவரு திருச்சி பக்கம், முகப்பேர்ல ஃப்ளாட்டு. சத்தம் போடவே மாட்டாரு. திட்டுனா கூட வாங்க போங்கன்னுதான் திட்டுவாரு. கத்தற ஆளாண்ட நானும் கத்தி ஜெயிச்சுடுவேன், இந்த மாதிரி ஆளாண்டதான் எனக்கு பேஜாரு.

"உக்காருங்க அனுசுயா. என்ன இது?"

"சார், நான் பொய் சொல்லல. ஆறு பாக்ஸு குடுத்தான், ஆறு நம்பர் போட்டேன். ஆறும் மார்க்ஷீட்ல இருக்கறதுதான். கூட்டி வகுத்தது அவன் மிஷினு. தப்பா வகுத்தா அதுக்கு நான் இன்னா பண்றது?"

அவரு கம்ப்யூட்டர என் பக்கம் திருப்பினாரு. லிஸ்ட்டு. ரெண்டு வருஷத்துல இதே காரணத்துக்கு செகப்பு போட்டது. கீழ எண்ணிக்கை, எரநூத்தி பதினாலு.

"இவங்க எல்லாரும் இதையேதான சொன்னாங்க? நாம என்ன பதில் சொன்னோம்?"

பதில் எனக்கு மனப்பாடம். எழுதனதே நான்தானே. சான்றிதழில் உள்ளதே இறுதி. போன்ல அழுதவனுக்கும் அதான், கத்துனவனுக்கும் அதான். ஒரு தபா கூட என் கொரல் நடுங்குனதில்ல. அந்த லிஸ்ட்ட மேலேந்து கீழ வரைக்கும் ஓட்டி பாத்தேன். ஒருத்தர் பேரு கூட எனக்கு ஞாபகத்துல இல்ல. ஒரே ஒரு பேரு கூட. அதுதான் அன்னிக்கு என்ன ரொம்ப பயமுறுத்துச்சு.

"சார், அப்போ ரூலே தப்பு. பொய் சொன்னவனுக்கும், பாக்ஸ நிரப்பனவனுக்கும் ஒரே கலர் போடறோம். ஆரஞ்சு போட்டு, விவரம் எழுதி, கம்பெனிய முடிவு பண்ண சொல்லணும்."

"சரி. எழுதிக் குடுங்க." பேப்பரையே எடுத்து முன்னாடி வச்சாரு. "நீங்க எழுதின ரூல் தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பறேன். எரநூத்தி பதினாலையும் திருப்பி எடுக்கணும். எல்லா கிளையன்ட்டுக்கும் சொல்லணும். மூணு மாசம், நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த மாதிரி ஃபைல் எல்லாம் நிக்கும், உங்களோடதும். நீங்க சேரவேண்டிய நாள் என்னிக்கு?"

"பத்தே நாள் கீது சார்."

"நின்னா அந்த வேலை போயிடும். இங்கயும் உங்க சீட்டுக்கு ஆள் எடுத்தாச்சு." பேனா மூடிய கழட்டி கழட்டி மாட்டினாரு. "இன்னொரு வழி இருக்கு. ரூல மீறி பச்சை போட எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரம் இருக்கு. இதுவரைக்கும் நான் தொட்டதில்ல. ஏழு வருஷம் உழைச்சிருக்கீங்க, உங்களுக்கு போடறேன். ஆனா ஒண்ணு. ரூல் அப்படியே நிக்கணும். நீங்க போற கடைசி நாள் வரைக்கும் ஒரு ஃபைல்ல கூட தளர்த்தக்கூடாது. ஒண்ணு பச்சையாயி இன்னொண்ணும் பச்சையானா ஆடிட்காரன் ஏன்னு தோண்டுவான். மொதல்ல உங்களோடது வெளிய வரும், அப்புறம் என்னோட வேலை போயிடும். யார்கிட்டயும் வாயே தொறக்கக்கூடாது. மதியம் ரெண்டு மணிக்குள்ள சொல்லுங்க."

நல்ல மனுஷன்தான், இல்லன்னு சொல்லமாட்டேன். கெட்டவனா இருந்திருந்தா மூஞ்சியில துப்பிட்டு வந்திருப்பேன். நல்லவனா போயிட்டதால அதுக்கும் வழி இல்ல.

வெளிய வந்து பட்டரவாக்கம் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில நின்னேன். வெயிலு மண்டைய பொளக்குது. டீ வாங்கி குடிக்காம வச்சிகினு இருந்தேன். எழுதிக் குடுத்துடு அனுன்னு ஒரு மனசு சொல்லுது. எரநூத்தி பதினாலு குடும்பம்டி. இன்னொரு மனசு, அவங்களுக்காக நீ நடுத்தெருவுக்கு போனா அவங்க இன்னா மால போடுவாங்களான்னு கேக்குது. ரெண்டும் என் கொரலுதான், ரெண்டுக்கும் நாக்கு நீளம்.

அப்பதான் எங்கப்பா போன் பண்ணாரு. டில்லிபாபுன்னா எங்க ஊரு சேக்காட்டுல எல்லாருக்கும் தெரியும். இதே எஸ்டேட்ல இருவத்திரண்டு வருஷம் லேத்துல நின்னவரு. வருஷா வருஷம் பர்மனென்ட் ஆக்கறவங்க லிஸ்ட்டு ஒட்டுவான், வருஷா வருஷம் அவரு பேரு இருக்காது. ஒட்டன அன்னிக்கு ஊட்டுக்கு வந்து கைய கழுவிட்டு அமைதியா துன்னுவாரு. நாங்க யாரும் கேக்க மாட்டோம்.

"யம்மா, வேலையா கீறியா?"

"சொல்லு நைனா."

"ஒண்ணுமில்ல. உன் புது கம்பெனி இல்ல, அத போய் பாத்துகினு வந்தேன்."

"இன்னாது? அம்மா தூரம் எப்படி போன?"

"பஸ்ல தான். சும்மா கேட்டாண்ட நின்னேன். இன்னா கேட்டு, அப்பா! செக்யூரிட்டி வந்து யாரு இன்னான்னு கேட்டான். எம்பொண்ணு இங்க வேலைக்கு வர்றா, வர்ற ஒண்ணாந்தேதிலேந்துன்னேன். டக்குனு மரியாதையா பேசறாம்மா. சேர் குடுத்தான் தெரியுமா, குந்துங்க சார்னு. சார்னு சொன்னாம்மா என்ன."

ரயிலு சத்தம்னு சொல்லி போன வச்சிட்டேன். ரயிலு எதுவும் வரல.

ஒண்ணே முக்காலுக்கு உள்ள போய் சொன்னேன். "போட்டுடுங்க சார்."

அவரு தலைய ஆட்டினாரு, அவ்ளோதான். சந்தோசமும் காட்டல, வருத்தமும் காட்டல. முன்னாடி வச்சிருந்த வெள்ள பேப்பர எடுத்து மறுபடி கட்டுக்குள்ள சொருவுனாரு. ரெண்டு பத்துக்கு சரசாக்கா ஸ்கிரீன்ல என் பேருக்கு பக்கத்துல பச்ச வந்துச்சு. அது வாய பொத்திகினு சிரிக்குது, கண்ணுல தண்ணி. டேபிளுக்கு அடியில என் கைய புடிச்சு நசுக்குச்சு.

"தெய்வம்மா அந்த மனுசன்"னுச்சு.

பச்ச வந்தா பறக்கற மாதிரி இருக்கும்னு ஏழு வருஷமா நெனச்சிகினு இருந்தேன். ஒரு மண்ணும் இல்ல. ஜன்னல் இல்லாத அந்த ரூமு இன்னும் கொஞ்சம் சின்னதா ஆன மாதிரி இருந்துச்சு. சாய்ங்காலம் ஆவடி ட்ரெயின்ல நின்னுகினே ஊட்டுக்கு போனேன். எங்கப்பா தெருவுல நாலு பேர்கிட்ட அந்த சேர் கதைய சொல்லிகினு இருந்தாரு. நான் தலவலின்னு சொல்லிட்டு படுத்துட்டேன்.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். சரசாக்கா உற்சாகமா நாற்காலிய இழுத்துகினு வந்துச்சு. ரூலு மாறிடுச்சுன்னு அது நெனச்சிகினு கீது. நெனைக்காம? நேத்து ஒருத்திக்கு நாயம்னா இன்னிக்கு இன்னொருத்திக்கும் நாயம்தானேன்னு நெனச்சிருக்கு. சூது தெரியாத மனசு வேற எப்படி நெனைக்கும்?

"அனும்மா, உன்னுது மாதிரியே ஒண்ணு. மதிவதனின்னு பேரு. பூந்தமல்லி பொண்ணு. அதுவும் பாலிடெக்னிக்லேந்து வந்ததுதான். பேப்பர்ல 6.47, வெப்சைட்ல 6.63. பச்ச தானே? போட்டுட்றேன்."

கண்ணாடி கதவுக்கு அப்பால நடேசன் சார் தலைய தூக்கி பாத்தாரு. பாத்துட்டு குனிஞ்சுகினாரு.

"இல்லக்கா. செகப்பு."

"இன்னாடி சொல்ற?"

"செகப்புன்னேன். ரூலு அதான்."

"நேத்து உனக்கு..."

"அக்கா!" பல்ல கடிச்சிகினு சொன்னேன். "மெதுவா பேசு. சொன்னத செய்."

எத்தினியோ தபா அத நான் திட்டியிருக்கேன். ஒரு தபா கூட அது என்ன அப்படி பாத்ததில்ல. கோவம் கூட இல்ல அந்த பார்வையில. தெரியாத ஒருத்திய பாக்கற மாதிரி பாத்துச்சு.

செகப்பு போடறதுக்கு முன்ன அந்த ஆளுக்கு ஒரு போன் பண்ணி சொல்லணும், அதுவும் என் ரூலுதான். சரசாக்கா போன எடுக்கல. என் பக்கமா தள்ளி வச்சுச்சு. "எனக்கு வாயி வரல. நீயே சொல்லிடு."

நம்பர அமுக்கினேன். ரெண்டாவது ரிங்குலயே எடுத்துச்சு, காத்துகினு இருந்திருக்கும். ஆபீஸ் பேர சொன்னதும், "சொல்லுங்க மேடம், சொல்லுங்க"ன்னு அவ்ளோ ஆசையா கேட்டுச்சு. மார்க்கு ஒத்துப்போவலன்னு சொன்னேன்.

"மேடம், நான் எதையும் மாத்தல மேடம். ஆறு பாக்ஸ் இருந்துது, ஆறு மார்க்கும் போட்டேன். அதுவா கூட்டிகிச்சு. மார்க்ஷீட் வேணா மறுபடி அனுப்பட்டுமா?"

"சான்றிதழில் உள்ளதே இறுதி"ன்னேன். எழுதி வச்சத படிக்கற மாதிரிதான் வந்துச்சு. கொரல் நடுங்கல. நடுங்கியிருந்தா கூட எனக்கு கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க." அழுகைய அடக்கிகினு பேசுது, நல்லா தெரியுது. "இந்த மாதிரி வந்தவங்கள்ல யாராவது ஒருத்தருக்காச்சும் பச்சை போட்டிருக்கீங்களா? ஒரே ஒருத்தர் இருந்தா போதும் மேடம். அத சொல்லி நான் கம்பெனில கெஞ்சி கேட்டுக்கறேன்."

சரசாக்கா ஸ்கிரீன பாக்காம என் வாயவே பாத்துகினு இருந்துச்சு.

"இல்லம்மா"ன்னேன். "இதுவரைக்கும் ஒருத்தருக்கும் போட்டதில்ல."